நாற்பதைத் தாண்டி மறுபடி படிக்கிறோம்: எந்த மனப்பாட முறை கைகொடுக்கும்?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்குத் தினமும் ஃபெரியில் போய் வருகிறேன். ஒரு நடைக்குப் பதினைந்து, இருபது நிமிடம். ஜார்ஜ்டவுனில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் கிராணி (எழுத்தர்) வேலை. 1998-இல் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம் எழுதியதோடு புத்தகத்தை மூடியவள், 44 வயதில் மனிதவள நிர்வாகம் படிக்கச் சேர்ந்தேன்.

அதே ஃபெரியில் ஒரு தங்கை வருவாள். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள், இப்போது எஸ்.பி.எம்மைத் தனியாக எழுதத் தயாராகிறாள். 2013 முதல் மலாய் மொழியோடு சரித்திரத்திலும் தேறினால்தான் சான்றிதழ் கிடைக்கும். அவளுக்குப் பயம் அந்தச் சரித்திரப் பாடத்தில்தான். ஒருநாள் புத்தகத்தைக் காட்டினாள். மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு என்று கோடு போடாத வரியே இல்லை.

"படிக்கிறப்ப எல்லாம் புரியுதுக்கா. மூடினா ஒண்ணுமே இல்ல. வயசாயிருச்சுல்ல, மண்டையில ஏற மாட்டேங்குது" என்றாள்.

வயதின் மேல் பழி போட வேண்டாம் என்று அவளுக்குச் சொன்னேன். திரும்பப் படிக்க வந்திருக்கும் எல்லாருக்கும் அதையேதான் சொல்கிறேன். வயது ஏற ஏற மூளையின் வேகம் கொஞ்சம் குறையும், ஒரே நேரத்தில் பல விஷயங்களைப் பிடித்து வைத்திருப்பதும் கொஞ்சம் கடினமாகும். இது உண்மை. ஆனால் சொல்வளமும் பொது அறிவும் வயதோடு கூடத்தான் செய்கின்றன. லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் உரிமம் வாங்க அந்த நகரத்தின் சுமார் 25,000 தெருக்களை மனத்தில் ஏற்ற வேண்டும். எல்லாரும் வளர்ந்த ஆட்கள். அவர்களில் தேர்வில் தேறியவர்களின் மூளையில் நினைவுக்கான ஒரு பகுதி பயிற்சிக் காலத்திலேயே வளர்ந்திருந்ததை 2011-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தங்கைக்குக் கோளாறு மண்டையில் இல்லை. அவள் பயன்படுத்திய முறையில்தான் இருந்தது.

கிடங்கில் இருக்கிறது, கைக்கு வரவில்லை

எங்கள் வேலையில் கிடங்குக்குச் சரக்கு வரும், அடுக்கி வைப்போம், கேட்கும்போது எடுத்துக் கொடுப்போம். நினைவுக்கும் இந்த மூன்று வேலைகள் உண்டு: உள்ளே வாங்குவது, வைத்திருப்பது, வெளியே எடுப்பது. சரக்கு உள்ளேதான் இருக்கும், ஆனால் எந்த வரிசை, எந்த எண் என்று தெரியாவிட்டால் வாடிக்கையாளர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். தேர்வு சோதிப்பது மூன்றாவது வேலையை. நாம் வீட்டில் உட்கார்ந்து செய்வதோ முதல் வேலையை மட்டும்.

புத்தகத்தை மறுபடி மறுபடி வாசிக்கும்போது வரிகள் பழக்கமாகிவிடுகின்றன. கண்ணுக்குப் பழகியதை மூளை "இது எனக்குத் தெரியும்" என்று எடுத்துக்கொள்கிறது. கோயிலில் ஒருவரைப் பார்த்ததும் முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை, அதே கதைதான். கட்டுரைக் கேள்விக்கு முகம் தெரிந்தால் போதாது. பெயரைத்தான் எழுதச் சொல்வார்கள்.

மறதியும் சும்மா இருப்பதில்லை. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு போகிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். நினைவு முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலும்தான் சரசரவென்று இறங்குகிறது, அப்புறம் மெதுவாகிறது. நேற்று படித்தது இன்று போய்விட்டதே என்று நொந்துபோக ஒன்றுமில்லை. இருபது வயதுப் பிள்ளைக்கும் அப்படித்தான் போகும்.

புத்தகத்தை மூடிவிட்டுப் படிப்பது

எல்லா முறைகளிலும் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். வாசித்தபின் மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது. இதற்கு ஒரு நல்ல ஆய்வு உண்டு. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் மாணவர்களிடம் ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு சுற்று வாசித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று வாசித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: வாசித்தவர்களிடம் சுமார் 40 விழுக்காடு மிஞ்சியிருந்தது, எழுதிப் பார்த்தவர்களிடம் சுமார் 61. "எனக்கு நன்றாக நினைவிருக்கும்" என்று அதிகம் நம்பியிருந்தவர்களும் வாசித்த குழுவினர்தான். தங்கையின் புத்தகத்தில் அத்தனை நிறத்தில் கோடு விழுந்ததற்கும் அந்த நம்பிக்கைதான் காரணம்.

அன்று ஃபெரியிலேயே செய்து பார்த்தோம். பேராக் மாநில ஆட்சியில் ஆங்கிலேயர் நுழைய வழிவிட்ட பங்கோர் ஒப்பந்தம் உள்ள இரண்டு பக்கத்தை ஒருமுறை வாசித்தாள். புத்தகத்தை வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தைக் கொடுத்து, தெரிந்ததை எழுது என்றேன். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் கடலைப் பார்த்தாள். "1874" என்று எழுதினாள். "பேராக்" என்று எழுதினாள். கொஞ்சம் பொறுத்து "ராஜா அப்துல்லா சுல்தான் ஆனார்". அப்புறம் "ரெசிடென்". அவ்வளவுதான். முகம் வாடிவிட்டது.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, விட்டுப்போனதை மட்டும் சிவப்பு மையில் சேர்க்கச் சொன்னேன். நாள் ஜனவரி 20. ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க். மலாய்க்காரர் சமயமும் வழக்கமும் தவிர மற்றதில் ரெசிடென்ட் என்ற ஆங்கிலேய அதிகாரியின் ஆலோசனையைக் கேட்க வேண்டும் என்ற விதி. முதல் ரெசிடென்ட் பெர்ச், 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டது. அந்தச் சிவப்பு வரிகள் அவளுக்குத் தங்கம் மாதிரி. தனக்கு எது தெரியாது என்று முதல் தடவையாகத் தாளில் பார்த்துவிட்டாள். மறுநாள் காலையில் அதே கேள்விக்கு ஏழு செய்தி எழுதினாள். எடுக்க முடியாமல் திணறும் அந்த நேரத்தில்தான் நினைவுக்கு வலு ஏறுகிறது. சுலபமாக வாசித்துக்கொண்டே போகும்போது அவ்வளவாக ஏறுவதில்லை.

பிஸ்கட் டின்னும் அட்டைகளும்

அடுத்தது இடைவெளி. ஒரே இரவில் ஐந்து மணி நேரம் உட்காருவதைவிட, ஐந்து நாள் ஒவ்வொரு மணி நேரம் படித்தால் அதிகம் நிற்கும். 2013-இல் பத்துப் படிப்பு முறைகளை ஒன்றாக வைத்து எடைபோட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றில் உயர்ந்த மதிப்பு பெற்றவை இரண்டே இரண்டு: தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது. கோடு போடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் கடைசி வகுப்பில் இருந்தன. கோடு போடுவதைப் பற்றி இதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இந்த இரண்டையும் சேர்த்துச் செய்ய 1970-களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் பரப்பிய அட்டைப்பெட்டி முறை இருக்கிறது. என்னுடையது ஒரு பிஸ்கட் டின். உள்ளே கெட்டி அட்டையால் மூன்று தடுப்பு. நாட்காட்டியை வெட்டிய அட்டைகள், ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். புதிய அட்டைகள் முதல் தடுப்பில், தினமும் பார்ப்பேன். சரியாகச் சொன்னால் இரண்டாவது தடுப்புக்கு, மூன்று நாளைக்கு ஒருமுறை. மறுபடி சரி என்றால் மூன்றாவதுக்கு, வாரம் ஒருமுறை. எந்தத் தடுப்பில் தவறினாலும் அட்டை முதல் தடுப்புக்கே திரும்பும். நன்றாகத் தெரிந்ததில் நேரம் வீணாகாது, தெரியாததிலிருந்து தப்பவும் முடியாது. வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம்.

ஒரு அட்டையில் ஒரே ஒரு கேள்வி. "வேலைச் சட்டம் பற்றி எழுதுக" என்று ஓர் அட்டை வைத்தால் அது அட்டையே இல்லை. "வாரத்துக்கு அதிகபட்சம் எத்தனை மணி நேரம்?" என்றால் அட்டை. கைத்தொலைபேசியில்தான் வசதி என்பவர்களுக்கு ஆன்க்கி என்ற செயலி இடைவெளியைத் தானே கணக்குப் போட்டுக் கொடுக்கும். ஆன்ட்ராய்டிலும் கணினியிலும் இலவசம், ஐபோனில் காசு கட்ட வேண்டும். எனக்கென்னவோ கையால் எழுதிய அட்டைதான் ஒத்துவருகிறது. தொலைபேசியை எடுத்தால் வாட்சாப் அழைத்துவிடும்.

வாழ்ந்த வருடங்களைக் கொக்கியாக வைப்பது

இங்கேதான் நமக்குப் பதினேழு வயதுப் பிள்ளைகளைவிட வசதி அதிகம். புதிய செய்தி தனியாக நிற்காது, ஏற்கெனவே தெரிந்த ஒன்றில் மாட்டினால்தான் நிற்கும். மாட்ட நம்மிடம் எத்தனையோ ஆணிகள் இருக்கின்றன.

எனக்குப் பாடத்துக்காக ஆறு மலேசியத் தொழிலாளர் சட்டங்களும் அவற்றின் ஆண்டுகளும் வேண்டியிருந்தன. வெறும் எண்களாக இருந்தவரை 1959-க்கும் 1969-க்கும் குழப்பம் தீரவில்லை. அப்புறம் மாட்ட ஆரம்பித்தேன். வேலைச் சட்டம் 1955: மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்து, கூட்டணி 52-இல் 51 இடம் பிடித்த வருடம். தொழிற்சங்கச் சட்டம் 1959: சுதந்திரத்துக்குப் பிறகு முதல் பொதுத்தேர்தல். தொழிலியல் உறவுச் சட்டம் 1967: தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் பிறந்த வருடம், அங்கேயும் பேச்சுவார்த்தை, இங்கேயும் பேச்சுவார்த்தை. சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சட்டம் 1969: மே 13 இனக் கலவரம் நடந்த வருடம், பாதுகாப்பு இல்லாமல் தவித்த காலம், சொக்சோ தருவதோ பாதுகாப்பு. இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) சட்டம் 1991: வவாசான் 2020 என்ற தொலைநோக்குத் திட்டம் அறிவிக்கப்பட்டது, இரண்டுமே பிற்காலத்தைப் பற்றியவை. வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 1994: அந்த வருடம் எனக்கு 13 வயது, அப்பா தொழிற்சாலைக்கு முதன்முதலாகப் பாதுகாப்புக் காலணி போட்டுக்கொண்டு போனது கண்ணில் நிற்கிறது. உங்கள் ஆணி வேறாக இருக்கும். வேறாகத்தான் இருக்க வேண்டும். அடுத்தவர் செய்த கொக்கி நம் சட்டைக்குப் பொருந்தாது.

பிறருக்கு விளக்கிச் சொல்வதும் இதே வகைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் வேலைச் சட்டத்தின் திருத்தங்களைச் சொல்லிப் பார்த்தேன். 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 48 மணி நேரம் 45 ஆனது, பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 ஆனது. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். கீரைக் கட்டைக் கீழே வைத்துவிட்டு, "உன்னப் பெத்து அறுபது நாள் முடிஞ்ச மறுநாளே மரத்துக்குப் போயிட்டேன். தொண்ணூத்தெட்டா?" என்றார். அந்த 60-ம் 98-ம் இனி எனக்கு எந்த அட்டையிலும் தேவையில்லை.

ஜார்ஜ்டவுனில் ஒரு நடை

வரிசை மாறாமல் நினைவில் வைக்க வேண்டியவற்றுக்கு இட முறை. நன்றாகத் தெரிந்த ஒரு வழியில் மனத்துக்குள் நடந்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரு செய்தியைப் படமாக வைத்துவிட்டு வருவது. பண்டைய கிரேக்கக் காலத்திலிருந்தே இருக்கிற முறை. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், முன்பயிற்சி இல்லாதவர்கள் தினம் அரை மணி நேரமாக 40 நாள் இதைப் பழகிய பிறகு, 72 சொற்கள் கொண்ட பட்டியலில் அவர்கள் நினைவுகூர்ந்தது இரண்டு மடங்குக்குமேல் கூடியது.

உளவியல் அறிஞர் மாஸ்லோ சொன்ன, மனிதருக்கான ஐந்து தேவைகள் எனக்கு இப்படித்தான் நிற்கின்றன. 1943-இல் அவர் வரிசைப்படுத்தியவை. படகுத்துறையில் இறங்குகிறேன், பசி, தாகம், தூக்கம் என்று கூட்டம் அலைமோதுகிறது: உடல் தேவை. அடுத்து மணிக்கூண்டு. போரில் குண்டு விழுந்ததால் லேசாகச் சாய்ந்துவிட்டது என்பார்கள். என் மேல் விழுந்துவிடுமோ என்று ஒதுங்குகிறேன்: பாதுகாப்பு. லெபு குயின் மாரியம்மன் கோயில் வாசலில் சொந்தபந்தம் எல்லாம் கூடி என்னைக் கூப்பிடுகிறது: உறவு. கப்பித்தான் கெலிங் மசூதி, தமிழ் முஸ்லிம்களின் தலைவருக்குக் கிடைத்த பட்டமே பெயராக நிற்கும் இடம்: மதிப்பு. கடைசியாக ஆர்மேனியன் தெரு, சுவரில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளின் ஓவியம், பக்கத்தில் தூரிகையோடு நானே நிற்கிறேன்: தன் திறமையை முழுதாக வெளிக்கொண்டு வருவது. இதைத் தயார்செய்ய ஒரு மதியச் சாப்பாட்டு இடைவேளை போதுமாக இருந்தது.

ஆனால் இதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். பட்டியலுக்கு இது அருமை. "மாஸ்லோவின் கருத்தை விமர்சித்து எழுதுக" என்றால் மணிக்கூண்டு உதவிக்கு வராது. அதற்குப் புரிதல் வேண்டும், புரிந்ததை எழுதிப் பழக வேண்டும்.

முதலெழுத்துச் சுருக்கமும் சின்னப் பட்டியலுக்கு நல்லது. 1896-இல் ஒன்றுசேர்ந்த மலாய் மாநிலங்கள் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங். முதலெழுத்துகளைச் சேர்த்தால் "பேசினேப்பா" என்று காதில் விழுகிறது. தங்கை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். ஓசைக்கு இந்தச் சக்தி உண்டு என்பது தமிழுக்குப் புதிதல்ல. எதுகையும் மோனையும் அடுத்த சொல்லை நாக்குக்கு எடுத்துக் கொடுக்கின்றன. அந்தாதியில் ஒரு பாட்டின் கடைசிச் சொல்லே அடுத்த பாட்டுக்குக் கதவு திறக்கிறது. 1907-இல் சென்னையில் செய்குத்தம்பிப் பாவலர் நூறு விஷயங்களில் ஒருசேரக் கவனம் வைத்துச் சதாவதானி என்று பெயர் பெற்றார். எழுத்தை நம்பாமல் நெஞ்சை நம்பிய பழக்கத்தில் வந்தவர்கள் நாம், அதில் எனக்குப் பெருமை உண்டு.

மூன்று மொழிச் சிக்கல்

நம்மில் பலர் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறி, இப்போது ஆங்கிலத்தில் பட்டப்படிப்புக்கு வந்து நிற்கிறோம். ஆங்கில வாக்கியத்தை அப்படியே ஒப்பித்தால் ஒரு சொல் தவறியதும் முழு வரியும் சரிந்துவிடும். நான் முதலில் தமிழில் எனக்கே சொல்லிக்கொள்வேன், கருத்து பிடிபடும்வரை. அட்டையின் பதிலை மட்டும் தேர்வு மொழியில் எழுதுவேன். சொந்தச் சோதனையும் தேர்வு மொழியிலேயே. தமிழில் புரிந்துகொண்டு தமிழிலேயே சோதித்துக்கொண்டால், தேர்வு மண்டபத்தில் சொல் தேடி நேரம் போய்விடும். என் முதல் பருவத்தில் எனக்கு நடந்தது அதுதான். விடை தெரியும், ஆங்கிலச் சொல் வரவில்லை.

தூக்கம் பற்றி ஒரு வார்த்தை. பகலில் படித்தது ஆழமாகப் பதிகிற வேலை தூக்கத்திலும் நடக்கிறது. ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள் இரவு வேலை முடிந்து புத்தகத்தைத் திறப்பதைவிட, தூங்கி எழுந்து பத்து அட்டை பார்ப்பது மேல்.

அப்புறம், இடையில் விட்டுப்போவது. பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு துக்கம் என்று இரண்டு வாரம் டின்னைத் திறக்கவே முடியாமல் போகும். திறந்து பார்த்தால் நூறு அட்டை காத்திருக்கும். பலர் படிப்பை விடுவது அந்த நாளில்தான். அன்று நூறையும் பார்க்க உட்காராதீர்கள். மூன்றாவது தடுப்பிலிருந்து பத்து அட்டை எடுங்கள், அவை ஏற்கெனவே வலுவானவை, பாதிக்குமேல் வாயில் வந்துவிடும். மறந்ததை முதல் தடுப்பில் போடுங்கள். மறுநாள் இன்னொரு பத்து. ஒருமுறை படித்து மறந்ததை மறுபடி படிக்க முதல் தடவை அளவுக்கு நேரம் பிடிக்காது. எபிங்ஹவுஸ் அன்று அளந்து பார்த்ததும் அந்த மிச்ச நேரத்தைத்தான்.